பச்சைக் கரை

சவப்பெட்டியின் மூடியை எடுத்தார்கள். சிவகாமசுந்தரி அப்பாவின் வேட்டிக் கரையைப் பார்த்தாள். பச்சை.

“இதை யாரு எடுத்துக் குடுத்தது?”

“நான்தான்,” என்றான் பிரேம். “மாமா அலமாரியில அடியில இருந்துச்சு. கவர்கூடப் பிரிக்கல லா. ஏன்?”

அவள் கணவன் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஊரில் கரையைப் பார்த்துக் கட்சியைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்பா மருதப்பன் மூன்று முறை எம்.எல்.ஏ. இரண்டு முறை பச்சைக் கரைக் கட்சியில். அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்று தெரிந்ததும் நீலக் கரைக்கு மாறினார். அன்று வீட்டின் மீது கல் விழுந்தது. மூன்றாம் முறை ஜெயித்தார். அதற்குப் பிறகு நீலமும் அவரைக் கூப்பிடவில்லை. அம்மா போனதும் இவள் தோ பாயோ வீட்டுக்கு அழைத்துவந்தாள். அரைக்கால் சட்டையோடு காப்பிக் கடைக்குப் போய்வந்தார். தலைமாட்டில் எப்போதும் போன் இருக்கும். சார்ஜ் இறங்க விடமாட்டார்.

“நீலம்தான் கட்டணும். தங்கராஜு மாமா போட்டோ கேட்டிருக்காரு. அது போனாத்தான் தலைவர் இரங்கல் அறிக்கை விடுவாராம்.”

“பெட்டி கொண்டுவந்தவங்க இன்னும் வேன்லதான் இருக்காங்க. மாத்தச் சொல்லவா?”

“இரு.”

எம்.எல்.ஏ. வீட்டுச் சாவு என்று நினைத்து, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் முழுக்க நாற்காலி போடச் சொல்லியிருந்தாள். எல்லாம் காலியாக இருந்தன. காப்பிக் கடை இர்ஃபான் மட்டும் வந்தார். பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றார்.

“அங்கிள் தினம் வருவாரு. தே ஓ கோசோங்தான், பாலும் வேணாம் சீனியும் வேணாம்பாரு. ஊர்ல என்ன வேலைம்மா பார்த்தாரு?”

“சொல்லலையா?”

“கேட்டேன். சும்மா இருந்தேன்ப்பான்னாரு.”

அப்பாவின் போன் அடித்தது. தங்கராஜு, நீலக் கரையின் மாவட்டச் செயலாளர்.

“படம் இன்னும் வரலையேம்மா. முகம் மட்டும் எடுத்துடாத. கரை தெரியணும். பழசையெல்லாம் மறக்காத ஆளுங்க இங்க இருக்காங்க. புரியுதா?”

அவள் பெட்டியைப் பார்த்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பாவே சாமான்களை அடுக்கினார். எடை கூடுகிறதென்று அம்மாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டார். அப்படியும் இந்த வேட்டியை விட்டுவரவில்லை.

“படம் இல்லைங்க,” என்றாள்.

“அப்ப அறிக்கை?”

“வேணாம் மாமா.”

“அப்பறம் கட்சி கண்டுக்கலைன்னு சொல்லக் கூடாது, பாரு.”

“சொல்ல மாட்டேன்.”

பிரேம் பக்கத்தில் வந்து நின்றான். “மாத்தணுமா?”

“இருக்கட்டும்.”

அவன் சிராங்கூன் சாலையில் வாங்கிவந்த மாலை சரிந்து கரையை மறைத்திருந்தது. அதை மேலே தள்ளிவைத்தாள். போனை அணைத்தாள்.

மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

சின்ன வயதில் அப்பாவின் கூட்டங்களில் அவளை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். யாராவது முக்கியமானவர் வந்ததும் எழுப்பிப் பின்னால் அனுப்புவார்கள். அப்பா மேடையிலிருந்து அதைப் பார்ப்பார். பிறகு மைக்கைப் பிடிப்பார்.

முன்வரிசையில், பெட்டிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறி திரும்பும்போதெல்லாம் பின்னால் மேசை விரிப்பு படபடத்து அடங்கியது.

யாரும் வந்து எழுப்பவில்லை.