பேட்டரி இருந்த இடத்தில்

...மறந்திருந்தால் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும், பேட்டரியைக் கழற்றிய மனுஷன் திருப்பிப் போட மறந்துவிட்டார் என்று ஒரே வரியில் விட்டுவிடலாம், மறதி யாருக்குத்தான் இல்லை... ஆனால் மறந்தவர் எதற்காக ஒரு நட்டைத் தேடி எடுத்து, அது உள்ளே ஆடாமல் இருக்க மாத்திரைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து நாலாக மடித்துச் சுற்றி, மூடியைப் போட்டு, நாலு திருகையும் ஒன்றுபோல முடுக்கி வைப்பார்? பேருந்து இன்னும் கிளம்பவில்லை, ஓட்டுநர் இருக்கையில் ஒரு துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரம் அவள், மடியில் கைப்பை, கைப்பையின் மேல் அந்த அலாரக் கட்டை, கதவுக்கு அடியில் சொருகிவிட்டால் கதவை ஒருத்தன் அசைத்ததும் ஊரையே கூட்டும் என்று கணவன் வாங்கிக் கொடுத்தது, இப்போது வயிறு திறந்து கிடந்தது. நட்டு வேறு அவளுடையது. பல் டாக்டர் நாற்காலியின் அடித்தட்டில் போடுகிற நட்டு, கடையில் லேசில் கிடைக்காது, அதனால் ஒன்று கூடுதலாக வீட்டு அலமாரியில் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், நாலு மாதமாகக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள், எங்கே வைத்தோம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டது கூட உண்டு. இங்கே இருக்கிறது. பேட்டரியின் எடைக்கு ஏறக்குறைய சரியான எடை. அவள் கைக்கு எடை தெரியும் என்று தெரிந்த ஒருவர்தான் இவ்வளவு பார்த்துச் செய்ய முடியும்.

பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய் பல் டாக்டர் நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவள் அவள். வாசலில் நின்றே உள்ளே கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வால்வு போய்விட்டது என்று சொல்லுவாள், ஒரு டாக்டர் அவளைப் பாம்புக்காது என்றே கூப்பிடுவார், அப்படிப்பட்டவள், ஊரான் மெஷினையெல்லாம் கழற்றிப் பார்க்கிறவள், தன் பையில் கிடந்த இந்தக் கையளவு சாமானை நாலு மாதமாக ஒரு தடவை கூடத் திறந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்ப்பாள்? வீட்டு ஆள் கொடுத்ததை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா? சத்தம் போட்டுப் பார்க்கவும் முடியாது, வாங்கிய அன்றைக்குக் கூடத்தில் வைத்துக் காட்டினாரே, காதைப் பிய்த்துக்கொண்டு போனது, மாடி வீட்டுக்காரர் சட்டை போடாமல் ஓடி வந்துவிட்டார், அந்தச் சத்தத்தை ஒரு லாட்ஜில் வைத்து யார் சோதிப்பது... திறந்து பார்த்திருக்கணும். ஒரு நிமிஷ வேலை. முட்டாள், முட்டாள் என்று தன்னையே வைதுகொண்டாள், பிறகு, ஏன் நான் என்னை வைதுகொள்கிறேன் என்று கோபம் வந்தது.

நேற்று மத்தியானம் மூன்று நாற்காலியை முடித்துவிட்டு, முதுகு விட்டுப்போய், இரண்டு மணிக்கே லாட்ஜ் அறைக்கு வந்து படுத்தாள். தாழ்ப்பாள் பேருக்குத்தான், ஒற்றைத் திருகில் தொங்கியது. கதவைச் சாவி போட்டுப் பூட்டி, கட்டையைச் சொருகினாள், பிறகு வழக்கம்போல் கைப்பிடியின் மேல் எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி, அதற்குள் ஒரு ஸ்பூனையும் போட்டாள். இது அவளுடைய பழைய வித்தை, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி, குண்டூசி என்று பட்டப்பெயர், அவ்வளவு ஒல்லி, அவள் சொல்லிக் கொடுத்தது. கணவனுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு. "அலாரம் வாங்கிக் கொடுத்தும் இன்னும் டம்ளரைக் கட்டிக்கிட்டு அழறியே" என்பார்... என்பான். காலையிலிருந்து மனதுக்குள் அவர் அவனாகிவிட்டிருந்தார், அதை இப்போதுதான் கவனித்தாள். கண் அசரப் போன நேரம், கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது, டம்ளர் கதவில் சாய்ந்து தொக்கி நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பளபளவென்ற தரையில் கட்டை வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது, கதவு ஒரு சாண் திறந்தது, ஒரு செருப்புக் காலின் முன்பாதி தெரிந்தது, அவ்வளவு நேரமும் அவள் கத்தவில்லை, எழுந்திருக்கவில்லை, அது கத்தும், இதோ இப்போது கத்தும் என்று காத்துக்கொண்டு கிடந்தாள். கத்தியது டம்ளர்தான். சரிந்து, விழுந்து, ஸ்பூன் தனியாகத் தெறித்து, தரை முழுக்க உருண்டு ரகளை செய்தது. கால் பின்வாங்கியது, படிக்கட்டில் தடதடவென்று ஓடுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

மேனேஜர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரூம் மாறி யாராவது திறந்திருப்பாங்க மேடம்" என்றார். "என் சாவி என்கிட்ட இருக்கு. அப்ப அந்த ஆள் எந்தச் சாவியில திறந்தான்?" என்று கேட்டதற்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். போகட்டும், மேனேஜர் யாரோ ஒருவர், சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர், அவரிடம் என்ன எதிர்பார்ப்பது... சாயங்காலம் போன் வந்தது, தினமும் வருகிற போன், தினமும் கேட்கிற அதே கேள்வி. "கட்டையை வெச்சியா?" "வெச்சேங்க." நடந்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால், இதுக்குத்தான் வேலையை விடுன்னு சொல்றேன் என்று ஆரம்பித்துவிடுவானே. பேட்டரி தீர்ந்து போயிருக்கும், நான்தான் பார்க்கவில்லை, தப்பு என் மேல் என்று நினைத்து, காலையில் எதிர்க்கடையில் புதிதாக ஒரு பேட்டரி வாங்கி, போடுவோம் என்று திருகைக் கழற்றினாள். அந்தப் புதுப் பேட்டரி பிரிக்காமல் அப்படியே பையில் கிடக்கிறது. நாலு மாதமாக, எத்தனை ஊர், எத்தனை அறை, வெச்சியா வெச்சியா என்று கேட்டானே, உள்ளே நட்டு இருப்பது தெரிந்துகொண்டே எப்படிக் கேட்க வாய் வந்தது? அவள் வெச்சேன் என்று சொன்னதும், "அப்ப நிம்மதியாத் தூங்கு" என்பானே, அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதானே அவளுக்குத் தூக்கமே வரும்.

சரி, அவன் பக்கமும் பார்க்கணும். அத்தைக்கு, அவன் அம்மாவுக்கு, நாலு மாதத்துக்கு முன்னால் அன்றைக்கு நிஜமாகவே நெஞ்சு படபடத்துவிட்டது. அலமாரியில் பைக்குள் கிடந்த கட்டை தானாக அலறி, மதியத் தூக்கத்தில் இருந்த அத்தை எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முகமெல்லாம் வெளுத்து, டாக்டர் வந்து, மாத்திரையை மாற்றி எழுதி... அவனுக்கு அம்மா என்றால் உயிர். அன்றைக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவன், திரும்பி வந்து அவள் பையில் வைத்துவிட்டு, "சரி பண்ணிட்டேன், இனிமே தானா அடிக்காது" என்றான். பொய் சொல்லவில்லையே! அம்மாவுக்காகச் செய்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கஷ்டம்தான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு, வீட்டில் இருக்கும்போது பேட்டரியை எடுத்து வை, வெளியூர் போகும்போது போட்டுக்கோ என்று சொன்னால் போதுமே, அவள் என்ன சின்னப் பிள்ளையா, அத்தைக்கு அவள் எதிரியா? எதற்கு நட்டு? எதற்கு எடை? அப்புறம் அந்த இன்னொரு பேச்சு, அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து பார்க்கிறாள், அதே வாரத்தில்தான், வேலையை விடு என்ற பேச்சு முற்றி, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ சொன்னாக் கேக்க மாட்ட. ஒரு தடவை நல்லா பயந்தாதான் உனக்குப் புரியும்" என்றானே... அது கோபத்தில் சொன்னது. கோபத்தில் யார்தான் எதைத்தான் சொல்லவில்லை. அவளும்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் சொன்னதோடு விட்டாள், அலமாரியைத் திறந்து நட்டு தேடவில்லை. எது முதலில்? அத்தைக்கு முடியாமல் போனதா, அந்தப் பேச்சா? செவ்வாயா, வியாழனா? நினைவுக்கு வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் போலிருந்தது, வரவில்லை, அத்தை முகம்தான் வந்தது, பாவம், அன்றைக்கு இவள் கையை விடவே இல்லை. வீட்டுக்குப் போய் அவனுக்கு எதிரே எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது, எதைச் சாப்பிடுவது, அவன் விளக்கை அணைத்ததும் எப்படித் தூங்குவது... தெரியாத ஊரில் தெரியாத கதவுக்குப் பின்னால் தூங்கிவிட்டாள், இது எப்படி?

போன் அதிர்ந்தது. அவன்தான். கண்டக்டர் ஏறி, "எடுத்துருவோம், எடுத்துருவோம்" என்று யாரையோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுக்கலாமா, வேண்டாமா, எடுத்தால் என்ன கேட்பது, நட்டு எங்கே வெச்சீங்க என்றா? கேட்டால் அம்மா என்பான், அழக்கூடச் செய்வான், அவளும் சரி என்றுவிடுவாள், தெரிந்ததுதான். எடுத்தாள்.

"பஸ் ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்" என்றாள், அடுத்து என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது, வாய் தானாகச் சொன்னது, "நேத்து மத்தியானம் நான் படுத்திருக்கும்போது ரூம் கதவை யாரோ திறந்துட்டாங்க. நல்லவேளை, அலாரம் அடிச்சுது."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள், போகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, அதை நிறுத்துகிற சத்தமும் கேட்டது. மூச்சு விடுகிறான், அதுகூடக் கேட்கிறது, பாம்புக்காதுதானே.

"எந்த அலாரம்?" என்றான்.

எந்த அலாரமா? அவளிடம் எத்தனை இருக்கிறது? "நீங்க வாங்கிக் கொடுத்ததுதான்" என்றாள்.

"ம்... சரி" என்றான். பிறகு, "எத்தனை மணிக்கு வந்து சேருவ?" என்றான்.

"நாலு ஆகும்."

பேருந்து உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்தது, கட்டை மடியிலிருந்து நழுவியது, முழங்காலை இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவனுக்காக இவள்தான் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாள், அத்தையைச் சாட்சிக்கு இழுத்து, கோபத்தைச் சாட்சிக்கு இழுத்து... அவன் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. வந்தது யார், உனக்கு ஒன்றும் ஆகலையே என்று அவன் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிடுவான், இதோ கேட்டுவிடுவான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.