துண்டுக்கடியில் ஒரு வீடு

மருதாசலம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் அடக்கி வைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிப் பார்த்தான். புன்செய்க் காடு வாங்கப் போனாலும் அவன் இப்படித்தான். முதலில் தண்ணீர், அப்புறம் மண். தரகர் காளியண்ணன் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் தங்கமுத்து எங்கோ பார்ப்பதுபோல் நின்றார். ஆராயி மட்டும் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவின் வழியே உள்ளறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பில்ல,” என்றான் மருதாசலம் கடைசியில்.

“உப்பா? இந்தத் தண்ணியில பருப்பைப் போட்டா அடுப்பே வேண்டாமுங்க கவுண்டரே, வெக்கப்பட்டுக்கிட்டு தானா வெந்துரும்,” என்றார் காளியண்ணன். நேற்றுவரை மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர் அவர். செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து வீட்டுத் தரகில் இறங்கிய பிறகும், மாட்டுக்குச் சுழி பார்க்கிற பேச்சு மாறவில்லை. “சுழி சுத்தமான ஊடுங்க. எங்க வேணும்னாலும் தடவிப் பாருங்க, ஒரு கெட்ட சுழி காட்டுங்க பாக்கலாம். பின்னால மண்டி. நாலெட்டுல வேலைக்குப் போயிரலாம். தெருமுனையில முனிசிபாலிட்டி கொழாய். கூப்புட்டா கேக்கற தூரத்துல ஆசுபத்திரி. ஆத்துத் தண்ணி இந்தத் தெருவுக்கு ஏறுனதா எங்கப்பன் காலத்துலயும் பேச்சில்ல.”

தண்ணீர் ஏறாது என்றதும் மருதாசலத்தின் முகம் லேசாகத் தெளிந்ததை ஆராயி கவனித்தாள். அவர்களுடைய காடு, களம், மாட்டுக்கட்டுத்தறி எல்லாம் மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டன. சர்க்கார் கொடுத்ததை மடியில் கட்டிக்கொண்டு, கால் ஊன்ற ஓரிடம் தேடித்தான் சேலத்துக்கு வந்திருந்தார்கள். மடியில் இருப்பது ஒரு வீட்டுக்குத்தான் காணும். தவறினால் இன்னொன்று கிடையாது.

தரகர் அடுக்கிய ஒவ்வொரு நன்மையும் அவள் காதில் விழும்போது வேறாகித்தான் விழுந்தது. பின்னால் மண்டி என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டை மூட்டையாகத் தானியம். தானியம் இருக்கும் இடத்தைத் தேடி எலி வராமல் இருக்குமா? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி என்றால், யார் கூப்பிட வேண்டியிருந்தது? காட்டு வீட்டுக்கு நாலு பக்கமும் வெளி இருந்தது. ஒன்று வந்தால் ஓடுவதற்குத் திசை இருந்தது. இந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், பின்னால் மண்டிச் சுவர், முன்னால் மட்டும் ஒரு வாய். உள்ளே வந்தவர்களை அது மெதுவாக விழுங்கிவிடும் என்று தோன்றியது. தோன்றுவதையெல்லாம் வெளியே சொல்ல முடியாது. இதற்கு முன் பார்த்த மூன்றில், முதல் வீட்டைக் கிணறு கக்கூசுக்குப் பக்கம் என்று அவள் வேண்டாமென்றாள். மருதாசலம் சிரித்தான். இரண்டாவதைச் சுவரில் ஓதம் என்றாள். அப்போது அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்கு அவளால் காரணமே சொல்ல முடியவில்லை. அவர்கள் ஒண்டியிருந்தது சூரமங்கலத்தில், ரயில்வேயில் வேலை பார்க்கும் பங்காளி வீட்டில். அந்த வீட்டுக்காரி இப்போதெல்லாம் பாத்திரத்தைக் கழுவுவதில்லை, அடிக்கிறாள். இன்று காலை கிளம்பும்போது மருதாசலம், “இன்னிக்கு நீ வாயைத் தொறக்கக் கூடாது புள்ளே,” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கெஞ்சுவது போலச் சொன்னான்.

ஆனால் அந்தக் கூரை.

உள்ளறையின் ஓடுகள் புகையேறிக் கறுத்துக் கிடந்தன. நடுவில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்குப் புது ஓடு, செக்கச்செவேலென்று. கீழே அதற்கு நேராக ஒன்றும் இல்லை. பெருக்கி மெழுகிய வெறும் தரை.

“அதென்னங்க, நடுவுல மட்டும் புதுசு?” என்றாள். மருதாசலம் திரும்பிப் பார்த்தான்.

“கொரங்குங்க அம்மணி,” என்றார் காளியண்ணன். “மண்டிக்கு வர்ற கொரங்கு. குதியாளம் போட்டு ஒடச்சுருச்சு.”

தங்கமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஆராயி சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரில் ஒருநாள் அவளுடைய அம்மா, அடுப்படியில் எலி செத்து விழுந்ததைப் பார்த்து, உலையை அப்படியே விட்டுவிட்டு வந்து, “அவ வந்துட்டா” என்றாள். அவ்வளவுதான். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் போய் ஓலைக்குடிசை போட்டது. அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அது பிளேக் என்பதும் ஆராயிக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். ஊரில் யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும், கூப்பிட்ட வாசலுக்கு அவள் வருவாள். அதனால் ‘அவ’ என்பார்கள், அதையும் குரலை இறக்கித்தான். சர்க்கார் ஆட்கள் வந்து, நோயாளி கிடந்த அறைகளின் மேலே ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். வெயில் உள்ளே விழுந்தால் விஷம் சாகுமாம். குடிசையிலிருந்து திரும்பி வந்தபோது, அக்கா ராமாயி படுத்திருந்த இடத்தில் ஒரு சதுரம் வெயில் படுத்திருந்தது. அக்கா இல்லை. பின்னால் அப்பா புது ஓடு வாங்கி வேய்ந்தார். அம்மா கடைசிவரை அந்த அறையில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

இதைச் சொல்லலாம்தான். சொன்னால் மருதாசலம் குரங்கு என்பான். அவனுக்குக் குரங்கு வேண்டியிருந்தது. நாலு சுவரும் ஒரு கூரையும் வேண்டியிருந்த ஒரு மனிதனிடம் போய், கூரையின் நிறத்தைக் காட்டி எப்படிப் பயமுறுத்துவது? தன் பயத்தின் மீதே அவளுக்கு நம்பிக்கை குறைந்து வந்தது. மூன்று வீடுகளிலும் இதே நெஞ்சுதான் இப்படியே அடித்துக்கொண்டது. நாலாவது முறையும் அடித்தால், அது வீட்டின் குற்றமா, நெஞ்சின் குற்றமா?

“அப்ப பேசிரலாமுங்களா?” என்றார் காளியண்ணன். மருதாசலம் தோளிலிருந்து துண்டை எடுத்தான்.

மாட்டுச் சந்தை வழக்கம் அது. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் வாங்குகிறவனும் விற்கிறவனும் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாயால் ஒரு வார்த்தை கிடையாது, சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியாது. கையை உருவினால் பேரம் முறிந்தது. முழுக்கையையும் பிடித்து அழுத்திவிட்டால் முடிந்தது. அதற்குமேல் பத்திரமெல்லாம் வெறும் காகிதம். அவர்கள் ஊர்ப் பக்கத்தில், பிடித்த கையை விட்டவனுக்கு யாரும் மாடு கொடுக்கமாட்டார்கள், பெண்ணும் கொடுக்கமாட்டார்கள்.

“புள்ளைக்குக் கொஞ்சம் மோர் வாங்கிட்டு வாரனுங்க,” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பெயர் சௌந்திரம் என்றாள். சூரமங்கலத்திலிருந்து வீடு பார்க்க வந்தவர்கள் என்று கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மோர் கொடுத்தாள். குழந்தை வசந்தாமணி இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக் குடித்து, வெள்ளை மீசையோடு சிரித்தாள்.

“அக்கா, ஒண்ணு கேப்பனுங்க. தப்பா நெனைச்சுக்கக் கூடாது.”

“கேளேன்.”

“அந்த ஊட்டுக்கு...” ஆராயியின் குரல் தானாக இறங்கியது. “அவ வந்திருந்தாளுங்களா?”

ராட்டை நின்றது. சௌந்திரம் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். “அடிப்பாவி, சூரமங்கலம் வரைக்குமா தெரிஞ்சுபோச்சு?”

ஆராயி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“வந்தா. போன தையில வந்தா. வந்தது ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநா பாத்தா உள்ள இருக்கறா.”

“பக்கத்து ஊடுகளுக்கும்...?”

“சேச்சே, எங்க வீட்டுக்கெல்லாம் எதுக்கு வரா? அவ கண்ணு தங்கமுத்து மேலதான். மனுசன் பாதியாப் போயிட்டாரு. சோறு எறங்கல. பொண்டாட்டி பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு ஓடிட்டா.”

ஓடத்தானே வேண்டும் என்று நினைத்தாள் ஆராயி. “அப்பறம் எப்படிங்க போனா?”

“எப்படிப் போவா? கழுத்துல காதுல இருந்ததையெல்லாம் மாட்டிக்கிட்டு, நாடகக் கொட்டாயில ஆர்மோனியம் வாசிக்கிறவனோட போயிட்டா!”

ஆராயிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. நின்று அடங்குகிற சிரிப்பாக இல்லை. கண்ணில் நீர் வர, குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். என்னவென்று தெரியாமல் சௌந்திரமும் சிரித்தாள். ஒரு பெண்! அவள் நெஞ்சு பொய்தான் சொல்லியிருக்கிறது. திண்டாடிப்போன ஒரு மனிதர், மண்டிக் குரங்கு, உப்பில்லாத தண்ணீர். இதில் குடியிருக்கலாம். சாயங்காலம் அவனிடம் இதைச் சொன்னால் அவனும் சிரிப்பான். எத்தனை நாளாயிற்று அவன் சிரித்து!

“ஏன்டி இந்தச் சிரிப்பு? நீ யாருன்னு நெனைச்சுக் கேட்டே?”

சிரிப்பு இன்னும் வாயில் இருக்கும்போதே ஆராயி பதில் சொல்லப் பார்த்தாள். நாக்கு அந்தப் பெயருக்குப் பழகவில்லை. அதனால் இடது கையைச் சற்றே தூக்கி, அக்குளில், அக்காவுக்குக் கட்டி எழும்பிய இடத்தில், இரண்டு விரலை வைத்துக் காட்டினாள்.

சௌந்திரத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, உள்ளே ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல.

“இந்தத் தெருவுல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது,” என்றாள். ராட்டையைச் சுற்றினாள். நூல் அறுந்தது. “வெளிய எங்கியும் போயிக் கேட்டு வைக்காத தாயி. நாளைக்கி எங்க வீட்டையும் விக்கவேண்டி வரும்.”

ஆராயி நகரவில்லை. குழந்தை, சௌந்திரத்தின் மடியிலிருந்த நூல்கண்டைக் கேட்டுக் கையை நீட்டியது. சௌந்திரம் அந்தக் கையைப் பார்த்தாள், மீசை காயாத வாயைப் பார்த்தாள்.

“பாப்பாவ அந்த உள்ளறையில மட்டும் படுக்க வைக்காத.”

“ஏனுங்க?”

“வெளிச்சம் பத்தாது,” என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் ராட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில், காற்றுக்காக எல்லா வீடுகளும் திறந்து கிடந்த அந்தத் தெருவில், அந்த ஒரு கதவு மட்டும் சாத்திக்கொண்டது.

ஆராயி ஓடினாள். ஓடுவது தெரியக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

கூடத்தில் மருதாசலமும் தங்கமுத்துவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துண்டு. இருவர் முகத்திலும் ஒன்றுமில்லை, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை. காளியண்ணன் உதட்டில் விரல் வைத்து அவளை எச்சரித்தார்.

“ஏனுங்க,” என்றாள்.

மருதாசலம் திரும்பவில்லை. ஆனால் அவன் காதில் விழுந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் கழுத்து விறைத்தது.

“ஏனுங்க, வேண்டாமுங்க.”

“அம்மணி, கை உள்ள இருக்குதுங்க,” என்றார் காளியண்ணன், பூசையில் பேசிவிட்டவளிடம் சொல்வது போல.

துண்டு மெல்ல அசைந்தது. ஒரு மூலையில் புடைத்தது, தாழ்ந்தது, இன்னொரு பக்கம் ஊர்ந்தது. இனி அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவளுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. புது ஓடு, வெயில், அறுந்த நூல், சாத்திய கதவு. ஆனால் சொல்வதற்குப் பெயர்தான் வேண்டும். பெயரைச் சொன்னால் இந்த வீட்டுக்குள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளே கூப்பிட்டவளாவாள்.

ஆராயி குனிந்து, அந்த விரல்களை நிறுத்திவிடுவதுபோல், துண்டின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

காளியண்ணன் “ஐயையோ” என்று பின்வாங்கினார். தங்கமுத்துவின் கண்கள் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தன. அவற்றில் கோபம் இல்லை. மருதாசலம் இன்னும் நிமிரவில்லை. அவன் நெற்றி நரம்பு ஓடுவதை அவள் மேலிருந்து பார்த்தாள். கையை எடுக்கவில்லை. பழைய துணிக்கடியில் விரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. வெதுவெதுப்பாக, யாருடையது என்று தெரியாமல், அவள் உள்ளங்கைக்குக் கீழே அது அசைந்துகொண்டே இருந்தது.