தேய்க்காமல் துடைப்பது

கடைசியாக அவர் என்னிடம் கேட்டது, காதுக்குப் பின்னால் நுரை நின்றுவிட்டதா என்றுதான்.

காலை ஏழரை மணி. முகம், கழுத்து, கை எல்லாம் துடைத்து முடித்துப் பாத்திரத்தைத் தூக்கப்போனேன். "இரு, காதுக்குப் பின்னாடி பிசுபிசுங்குது. நுரை நிக்குதா பாரு" என்றார். நின்றிருந்தது. ஈரத்துணியால் இரண்டு தரம் எடுத்தேன்.

"என் கடையில இப்படி விட்டிருந்தா திட்டிட்டுப் போயிருப்பானுங்க."

"திட்டிட்டுப் போனவங்க திரும்ப வரலையாக்கும்?"

"வராம? முடி வளராம இருந்துடுமா?"

சிரித்தார். வாயின் வலது ஓரம் மட்டும் மேலே போனது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கண் திறந்தபடி இருந்தார். "என்னங்க" என்று ஒரு தரம் கூப்பிட்டேன். இரண்டாவது தரம் கூப்பிடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு வந்து பார்த்த டாக்டர் சொன்னார்.

அழுகை உடனே வரவில்லை. முதலில் வந்தது அசதி. கட்டிலின் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த உடம்பு இது. எட்டரைக்குப் புரட்ட வேண்டும் என்று அப்போதும் அதற்கு ஞாபகம் இருந்தது.

அவர் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, வெந்நீர் போட ஒரு கெட்டில். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமான புதிதிலேயே எனக்கு வெள்ளாவி என்று பெயர் வைத்துவிட்டார். வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை, அவர் கடைத் துண்டு எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போடுவேன். "வெள்ளாவி, என்னையும் சேத்துப் போட்டுடாத" என்பார்.

பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒன்றைச் சொன்னார். "பக்கவாதத்தை விட எனக்குப் பயம் படுக்கைப் புண்தான். தோல் உடைஞ்சா கிருமி உள்ள போகும். இவர் உடம்பு அதைத் தாங்காது."

படுக்கைப் புண் என்றால் என்ன என்று டாக்டர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. புண் வந்த நோயாளிகளை நான் பார்த்ததில்லை. அவர்கள் படுத்த விரிப்புகளைப் பார்த்திருக்கிறேன். நடுவில் வட்டமாக ஒரு கறை இருக்கும். ஓரம் பழுப்பு, உள்ளே மஞ்சள். முதலில் சின்னதாக வரும். ஒரு வாரத்தில் அதே வார்டிலிருந்து பெரிதாக வரும். பிறகு ஒருநாள் வராது. மூட்டையைப் பிரிக்கும் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

என் வீட்டு விரிப்பில் அந்தக் கறை விழக் கூடாது என்று முடிவு பண்ணினேன். எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன்.

காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். கை பொறுக்கிற மட்டும் சூடான தண்ணீர், அதில் இரண்டு மூடி கிருமிநாசினி. கெட்டிச் சோப்பை முதுகில் நேராகப் போட்டுத் தேய்ப்பேன். சொரசொரப்பான துண்டை முறுக்கி அழுத்தித் துடைப்பேன். சலவைக்கூடத்தில் ஈரத்துணியை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் அழுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அவர் முதுகிலும் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பேன். கீச்சென்றால்தான் எனக்கு நிம்மதி. அதற்கு மேல் பவுடரைக் கொட்டுவேன். வருகிறவர்கள் எல்லாம் மூக்கை இழுத்துவிட்டு, "படுத்திருக்கிற ஆள் வீடு மாதிரியே இல்லையே" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான்காவது மாதம் கால் தோல் மீன் செதில் மாதிரி உரிந்தது. முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது. அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்து அங்கே மட்டும் கூடுதலாகத் தேய்த்தேன். ஒரு வாரம் கழித்து, விரிப்பை மாற்றும்போது, நடுவில் காசு அளவுக்கு ஒரு ஈரம். ஓரம் பழுப்பு.

அந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, டீ கொட்டியிருக்கு" என்றேன். டீ அவர் குடிப்பதே இல்லை.

வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வந்து பிரஷர் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற நர்ஸுக்குப் போன் பண்ணினேன். ஸ்கூட்டரில் வருகிற, எப்போதும் வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற பெண். வந்து அவரைப் புரட்டிப் பார்த்தாள். சிவப்பின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை, சிவப்பாகவே இருந்தது; உள்ளே சதை கெட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம். பிறகு அவர் கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"தினமும் எப்படிக் குளிப்பாட்டுறீங்கன்னு செஞ்சு காட்டுங்கக்கா."

செய்து காட்டினேன். தண்ணீரில் விரலை விட்டவள் சட்டென்று எடுத்துவிட்டாள். நான் துண்டை முறுக்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க இவரைக் குளிப்பாட்டல. வெளுக்கிறீங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வலது தோள் மட்டும் குலுங்கியது. "இப்பத்தான் ஒரு ஆள் சரியாச் சொல்லியிருக்கு" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "சுத்தமா வெச்சுக்கத்தானே செய்யிறேன்."

"சுத்தம் வேணும்தான். ஆனா துணி மேல எண்ணெய் இருந்தா அழுக்கு, தோல் மேல இருந்தா அது காவல். நீங்க தினமும் ரெண்டு வேளை காவல்காரனை அடிச்சு விரட்டுறீங்க. வறண்ட தோல் வெடிக்கும். படுத்து நசுங்கின இடத்தைத் தேய்ச்சா, உள்ள ஏற்கனவே செத்துட்டிருக்கிறது இன்னும் சீக்கிரம் சாகும். பவுடர் வேற, வேர்வையில உருண்டு மணல் மாதிரி அறுக்கும்."

அவள் கற்றுக்கொடுத்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தண்ணீரில் முழங்கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. சோப்பு, மணமில்லாத மென்மையான வகை, அதுவும் மடிப்புகளிலும் அழுக்குப்படுகிற இடங்களிலும் மட்டும். அதை மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துணி. தேய்க்காமல் ஒத்தி எடுக்க வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு ஈரமில்லாமல் காய வேண்டும். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் களிம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டுவதை மட்டும் நான் முதலிலிருந்தே சரியாகச் செய்துகொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு அவரிடம் கேட்டேன். "முப்பது வருஷம் ஆளுங்க மொகத்துல கை வெச்சவர் நீங்க. வெந்துண்டை ஒத்தி ஒத்தி எடுப்பீங்களே. நான் செய்யிறது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"இடது பக்கம்தான் எனக்கு மரத்துப் போச்சே, அவ்வளவா வலிக்கல. உனக்கும் வேற என்ன இருக்கு? தேய்ச்சு முடிச்சதும்தான் உன் மூஞ்சில ஒரு தெளிவு வருது. சரி, தேய்க்கட்டும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். படுத்திருக்கிற மனிதரிடம் அந்த அளவுக்குக் கத்தியிருக்கக் கூடாது. "உங்க தாராள மனசுல தீய வைக்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி ஆறுது, வெள்ளாவி" என்றார்.

குறைவாகச் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. தேய்க்கிற கைக்கு ஒரு வேகம் இருக்கும், அதில் மனசு ஓடிவிடும். ஒத்தி எடுக்கிற கை நின்று நின்றுதான் போகும். போகிற இடத்தையெல்லாம் பார்க்க வேண்டும். முன்பு கால் மணியில் முடிந்தது இப்போது முக்கால் மணி ஆயிற்று. முடித்து நிமிர்ந்தால் இடுப்பு நிமிராது. ஒத்தி எடுத்த பிறகும் சுத்தமானதாகவே எனக்குத் தோன்றாது. பல நாள் கை தானாக முறுக்கிய துண்டைத் தேடிப் போகும்.

இதற்கு நடுவில் நாத்தனார். அவருடைய தங்கை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். வந்ததும் அண்ணன் போர்வையை விலக்கி மோந்து பார்ப்பாள்.

"என்ன அண்ணி, முன்ன மாதிரி வாசனையே இல்ல. சோப்புத் தீந்துபோச்சா?"

"நர்ஸ் வேணாம்னு சொல்லுச்சு."

"நர்ஸ் சொல்லும். அதுக்கென்ன, வாரம் ஒருநாள் எட்டிப் பாத்துட்டுப் போவுது. இருபத்தாறு வருஷம் ஊரான் வீட்டு அழுக்கைத் தேய்ச்சீங்க. எங்க அண்ணன்னா மட்டும் கை வலிக்குதா?"

"ஏ, வாய மூடு" என்றார் அவர் படுக்கையிலிருந்து.

"நீ சும்மா இரு அண்ணா. உன் முதுகு உனக்குத் தெரியவா போவுது?"

புண்ணை அவளுக்குக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டு வாயில் கைவைத்துக்கொண்டாள்; அன்றைக்குப் பிறகு, ஆறிவிட்டது என்று நான் சொன்னபோதும்கூட, அந்த முதுகைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். அப்புறம் சொந்தத்தில் எல்லோருக்கும் போன் போயிற்று. அண்ணனுக்கு முதுகு அழுகுது, அண்ணி சோப்புக்கூடப் போடுறதில்ல. விசாரிக்கப் போன் பண்ணியவர்கள் எல்லாம் சுற்றிவளைத்து அங்கேதான் வந்தார்கள். தேய்த்துத் தேய்த்து அதைக் கொண்டுவந்ததே நான்தான். அதை எந்த வாயால் சொல்வது?

மூன்று வாரம் புண் அப்படியே இருந்தது. நான்காவது வாரம் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கரை கட்டியது. நர்ஸ் மிட்டாயை வாயின் அடுத்த பக்கம் தள்ளிவிட்டு, "நல்லா வருதுக்கா, கையை மட்டும் அடக்கி வெச்சுக்கங்க" என்றாள். பிறகு அது எனக்கு வேலையாகிவிட்டது. காலையில் அவரைப் புரட்டியதும் முதலில் அந்த இடம். கரை ஒரு நூல் அளவு உள்ளே வந்திருக்கும், அல்லது வந்ததாக எனக்குத் தோன்றும். ஒன்பதாவது வாரம் மூடியது. காகிதம் மாதிரி மெல்லிய, பளபளப்பான தோல். கால் செதிலும் போய்விட்டது. முகம்கூட மாறியது. கன்னத்தில் இருந்த சாம்பல் பூத்த மாதிரியான வறட்சி போய், கடையில் நின்ற காலத்துப் பளபளப்பு கொஞ்சம் வந்திருந்தது. வலது கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "ஆள் பரவால்லையே" என்றார்.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். அசந்துபோய் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வருகிறது. மூடிய தோல் எப்போது வேண்டுமானாலும் உடையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதன் பிறகு பதினொரு மாதம் அந்தப் பயத்திலேயே போயிற்று.

அவர் போன அன்று பத்து மணிக்கெல்லாம் நாத்தனார் வந்துவிட்டாள். அண்ணன் தலைமாட்டில் கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுடுகாட்டு வண்டி வருவதற்குள், உடம்பு விறைக்கும் முன்பே, குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நல்லா சுடத் தண்ணி வைங்க அண்ணி. நான் தேய்ச்சு விடுறேன். போற அன்னைக்காவது எங்க அண்ணன் சுத்தமாப் போகட்டும்."

அவள் குளியலறைக்குப் போய், மூலையில் கிடந்த பழைய கெட்டிச் சோப்பையும், கால் துடைக்க நான் போட்டிருந்த அந்தச் சொரசொரப்புத் துண்டையும் எடுத்து வந்தாள். அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. தண்ணீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தேன். நைந்த துணி இரண்டு எடுத்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தேன்.

"தேய்க்காத. ஒத்தி எடு."

"இனிமே என்ன அண்ணி? வலிக்கவா போகுது?"

"வலிக்காது. ஒத்தி எடு."

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, சோப்பைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கழுத்துப் பக்கம், நான் கால் பக்கம். முதலில் வேகமாகப் போனவள், என் கையைப் பார்த்து மெதுவாகிவிட்டாள். நெற்றி, இமை, மூக்கோரம் என்று அண்ணன் முகத்தை நின்று நின்று ஒத்தினாள். "இப்படியா தினமும்?" என்றாள். "தினமும்" என்றேன். "எவ்வளவு நேரம் ஆகும்?" "முக்கால் மணி." அவள் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்துகொண்டாள்.

"பிடி, புரட்டணும்" என்றேன். தோளை அவள் பிடித்தாள், இடுப்பை நான். இத்தனை காலம் தனியாகவே புரட்டியவளுக்கு, இன்னொரு கை சேர்ந்ததும் அவர் சட்டென்று திரும்பிவிட்டது விநோதமாக இருந்தது.

நாத்தனார் முதுகைப் பார்த்தாள். பார்வையை இடுப்புவரை கீழே இறக்கினாள். குனிந்து இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எங்க அண்ணி அது?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். சுற்றி இருக்கிற தோலை விடக் கொஞ்சம் வெளிறி, காசு அளவுக்கு. அவள் தன் விரலை அதன் மேல் வைத்து, மெல்லத் தடவினாள். தேய்க்கவில்லை.

"எல்லாருகிட்டயும் சொன்னேனே அண்ணி" என்றாள்.

நான் அந்த இடத்தை ஒத்தி எடுத்தேன். காய்ந்ததா என்று பார்த்தேன். களிம்பு டப்பாவைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எடுத்துப் பூசினேன். அவள் தடுக்கவில்லை.

தோல் உடையாமல் இருந்தது.