நட்சத்திரம் இல்லாதவர்கள்

வீட்டுக்காரர் உடனே சரி என்று சொன்னதுதான் ஸ்டெல்லாவுக்கு இடித்தது.

இரண்டு வருஷமாக அவர்கள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். உப்பல் பகுதியில் இப்போது இருக்கும் வீடு முதல் மாடி. சக்கர நாற்காலியை ஒரு நடை, அவளை ஒரு நடை என்று கீழே கொண்டுவருவது புருஷன் பிரசன்னாவின் வேலையாக இருந்தது. சனத்நகர் லேத் பட்டறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து தூக்குவான். போன மழைக்காலத்தில் அவனுக்குக் குடல் இறங்கி ஆபரேஷன் ஆனது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். பொண்டாட்டி கனத்தில் சேர்த்தியா என்று இவன் கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா தெருவைப் பார்ப்பது ஆஸ்பத்திரிக்கும் பென்ஷன் கைரேகைக்கும் வீடு பார்க்கவும் போகும்போது மட்டும்தான். அதற்கும் குடோனில் மூட்டை ஏற்றுகிறவர்களைக் கூப்பிட வேண்டும். மூட்டையைத் தூக்குவதுபோலத்தான் தூக்குவார்கள். அக்குளில் கை கொடுப்பவன் எங்கே பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல முடியாது. பாதிப் படியில் விட்டுவிட்டால்?

அவளும் உழைத்தவள்தான். உப்பலில் ஒரு கம்பெனியில் ப்ரெஸ் மெஷின் ஓட்டினாள். அடுக்கி வைத்திருந்த தகடு சரிந்து முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே அன்றோடு போனது. கம்பெனி கொஞ்சம் கொடுத்துக் கதையை முடித்துக்கொண்டது. இப்போது அவள் பேரில் வருவது அரசாங்கத்தின் ஊனமுற்றோர் பென்ஷன் ஒன்றுதான்.

வீடு கேட்டுப் போன இடங்களில் ஒருத்தன் டைல்ஸ் கீறும் என்றான். ஒருத்தன் பென்ஷன் நின்றுபோனால் என்ன செய்வாய் என்றான். இன்னொருத்தன் பேரைக் கேட்டான், ஸ்டெல்லா என்றதும் வீடு நேற்றே பேசியாயிற்று என்றான். ஹப்சிகுடாவில் ஒரு அம்மாள்தான் மனசில் இருந்ததை வெளியே சொன்னாள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே போய்விட வேண்டும், ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். வாடகை வீட்டில் சாவு கூடாது என்பது இந்தத் தெலுங்கு ஊரில் எங்கும் எழுதாத சட்டம். நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாருக்கும் அந்தச் சட்டம் ஞாபகம் வந்துவிடும்.

நல்லவர்களாக வந்தவர்கள் இன்னும் மோசம். ஒருத்தன் அக்கா அக்கா என்று வந்து அவளுடைய ஊனச் சான்றிதழை வாங்கிப்போய் அவள் பேரில் பால் பூத்துக்கு எழுதிப்போட்டான். பூத் கிடைத்தது. பாலை அவன் விற்றான்.

இப்போது மெட்டுகுடாவில் இந்த யாதகிரி. ரயில்வே ஷெட்டில் தமிழர்களோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தெலுங்கு கலந்த தமிழ் பேசினார். பட்டறையில் யாரோ சொல்லி பிரசன்னா இவரைப் பிடித்திருந்தான். ஆட்டோவிலிருந்து நாற்காலியை அவிழ்த்து அவளை உட்காரவைக்கும்வரை அவர் வேடிக்கை பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மீரு கிரிஸ்டியன்ஸே கதா?"

"ஆமாங்க," என்றான் பிரசன்னா, அடி வாங்கப்போகிறவனைப்போல.

"மஞ்சிதி, ரொம்ப நல்லது. வீடு சூசுக்கோங்கம்மா," என்று அவர் சிரித்தார்.

ஸ்டெல்லா புருஷன் பக்கம் குனிந்தாள். "இன்னாத்துக்கு சிரிக்கிறாரு?"

"சிரிக்காம இன்னா, அழுவணுமா?"

"வேதக்காரங்கன்னா கதவச் சாத்துறானுங்க. இவுரு சந்தோசப்படுறாரு."

"ஒனக்கு மூஞ்சக் காட்டுனாலும் தப்பு, பல்லக் காட்டுனாலும் தப்பு. சும்மா வா."

தனி வீடு. தெருவோடு ஒரே மட்டத்தில் சிமெண்ட் முற்றம். படி இல்லை. தலைவாசலில் மட்டும் ஒரு தேக்கு நிலைப்படிக் கட்டை, ஒரு சாண் உயரத்துக்குக் குறுக்கே கிடந்தது. தெலுங்குக்காரர்கள் அதைக் கடப்ப என்பார்கள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து லட்சுமியாகக் கும்பிடுவார்கள். அதன்மேல் உட்காரக் கூடாது, மிதிக்கக் கூடாது. நாற்காலியை முன்னால் யாதகிரியும் பின்னால் பிரசன்னாவும் பிடித்து அதைத் தாண்டவைத்தார்கள். பின்சக்கரம் மரத்தில் இடித்தபோது யாதகிரியின் வாய் ஏதோ முணுமுணுத்தது. பிரசன்னா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே போனதும் ஸ்டெல்லா கதவுகளைத்தான் பார்த்தாள். கதவெல்லாம் அகலம். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு யாரையும் கூப்பிடாமல் உருட்டிக்கொண்டு போனாள். குளியலறைக்குள் நாற்காலி நுழைந்தது, உள்ளேயே திரும்பியது. உப்பலில் அவள் குளியலறை வாசலில் இறங்கித் தரையில் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"வெஸ்டர்ன் சீட் நேனு போட்டுத் தர்றேன். பிடிச்சுக்கிறதுக்கு கம்பியும்," என்றார் யாதகிரி.

கேட்காமலேயே சொல்கிறார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முன்னாடி யாருங்க இருந்தாங்க?"

அதுவரை தமிழில் தட்டித் தடவியவர் அதற்கு மட்டும் தெலுங்குக்குத் தாவினார். "மா அன்னா. போயிண்டு. இல்லு விடிச்சிபெட்டினம்."

"அண்ணன் இருந்தாராம். எங்கியோ போயிட்டாராம். ஊட்டக் காலி பண்ணிட்டாங்களாம்," என்று பிரசன்னா மொழிபெயர்த்தான். பட்டறைத் தெலுங்கு தனக்கு அத்துப்படி என்பது அவன் எண்ணம்.

"எங்க போனாராம்?"

"எங்க போனா ஒனக்கு இன்னா? தேடிப் புடிச்சு விருந்து வெக்கப்போறியா?"

அவர்கள் இருவரும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனார்கள். ஸ்டெல்லா தலைவாசலுக்கு உருட்டி வந்து கடப்பயைப் பார்த்தாள். மஞ்சள் காய்ந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. குங்குமம் இருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்தது. அவளோடு மெஷினில் வேலை பார்த்த தெலுங்குப் பெண்கள் காய்ச்சலிலும் வெள்ளிக்கிழமை கடப்பக்குப் பூசாமல் ஷிப்டுக்கு வரமாட்டார்கள். குடக்கூலிக்கு ஆள் தேடுகிறவன் வாசலை முதலில் துடைப்பான். இங்கே துளசித் தொட்டியும் காய்ந்து கிடந்தது. வீட்டை விற்றுவிட்டானா? கோர்ட்டில் கேஸா? நொண்டியைக் குடிவைத்தால் போலீஸ் காலி பண்ணாது என்று எவனாவது சொல்லிக்கொடுத்தானா?

சமையலறைக்கு உருட்டிப் போனாள். ஜன்னலுக்கு அப்பால் காம்பவுண்டுச் சுவர். அந்தப் பக்கம் ஒரு அம்மாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தமிழ் கேட்டுதேன்னு பார்த்தேன். எந்த ஊர்?"

"ராணிப்பேட்டைங்க. நீங்க?"

"நான் கல்பகம். எங்காத்துக்காரர் டிஃபென்ஸ்ல இருந்தார். இங்கேயே முப்பது வருஷம் ஆச்சு." அவள் ஒரு க்ளிப்பைப் பல்லில் கடித்தபடி வீட்டையும் நாற்காலியையும் பார்த்தாள். "இங்கயா வரப்போறேள்?"

"ஏங்க, வரக்கூடாதா?"

"நக்கோம்மா, என்னைக் கேக்காதீங்கோ. அப்புறம் யாதகிரி என்னைத்தான் சொல்லுவார்."

"அண்ணன் போயிட்டாரு, ஊட்ட உட்டுட்டோம்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

கல்பகம் க்ளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "தெலுங்குலயா சொன்னார்? இல்லு விடிச்சிபெட்டினம்னா?"

"அதேதான்."

"அட ராமா. அவர் போனது வெளியூருக்கு இல்லை. அந்த முன் ரூம்லதான் மாரடைப்பு. செத்த நட்சத்திரம் சரியில்லைன்னு புரோகிதர் பந்துலு ஆறு மாசம் வீட்டை அடைக்கச் சொல்லிட்டார். அதைத்தான் இவா விடிச்சிபெட்டறதும்பா. விளக்கேத்தப் படாது, படுக்கப் படாது. இப்பதான் ரெண்டு மாசம் ஆறது."

"அப்ப எங்கள எதுக்கு வெக்கிறாரு?"

கல்பகம் தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நடுவுல யாதகிரி சம்சாரத்துக்கு உடம்புக்கு வந்துடுத்து. தோஷம் சும்மா இருக்குமா, வேத்து மனுஷா இருந்தா அவா மேல போயிடும்னு எவனோ சொல்லியிருக்கான். அதான் கிரிஸ்டியனா தேடறார். உங்களுக்கெல்லாம் நட்சத்திரம் கிடையாதாம், பாதிக்காதாம். ஆறு மாசம் ஆனதும் பூஜை பண்ணிட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம், பிள்ளை குடி வந்துடுவான்."

"பாதிக்காதுன்னா எங்க மேல எப்டிப் போவும்?"

"ஹவ், ஆமாம், அது எனக்கும் புரியலை," என்று கல்பகம் காலி வாளியை எடுத்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கோ."

ஸ்டெல்லா ஜன்னலை விட்டு நாற்காலியைத் திருப்பினாள். ஆக, துடைத்துப்போட ஒரு கரித்துணி தேவைப்பட்டிருக்கிறது. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. சிரிப்புக்குக் காரணம் தெரிந்ததும் மனசு லேசானது. பால் பூத்துக்காரன் சிரிப்புக்குத்தான் கடைசிவரை காரணம் தெரியாமல் போயிற்று.

பிரசன்னா உள்ளே வந்ததும் மெதுவாகச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கெளம்பு. சாவு வூடு."

"ஞாயித்துக்கெழம கோயில்ல முழங்கால் போடுற. இதுக்குப் பயப்படுறியா?"

"அது வேற, இது வேற. ஏற்கெனவே பட்டது போதாதா நமக்கு?"

"எம் மேல தகடு வுழுந்தப்ப எந்த நட்சத்திரம்? நீ போய் அவுரக் கூப்புடு."

யாதகிரி தோளில் துண்டோடு வந்து நின்றார். இப்போதும் சிரிப்பு இருந்தது.

"உங்க அண்ணன் எங்க போனார்னு தெரிஞ்சுபோச்சுங்க," என்றாள் ஸ்டெல்லா.

சிரிப்பு நின்றது. "எவரு செப்பினாரு?"

"உங்க கடப்ப சொல்லுச்சு. மஞ்சள் காஞ்சு எத்தினி நாளாச்சு?"

அவர் கடப்பயைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "மீக்கு ஒண்ணும் ஆகாதும்மா. மீக்கு நட்சத்திரம் லேது கதா. அதுக்கோசரம்தான்..."

"இல்லைங்க. எங்களுக்கு வூடும் இல்ல. நாலு மாசம் கழிச்சு உங்க புள்ள வருவாரு, நாங்க தெருவுக்குப் போவணும். அதுவும் தெரியும்."

பேரம் என்று வந்தபோது அவர் தெலுங்குக்குத் தாவவில்லை. "மூணு மாசம் மேல வேணும்னா இருந்துக்கோ."

"மூணு வருஷம். எழுதித் தரணும்."

"பையன் கல்யாணம்மா. ஒரு வருஷம்."

"பிரசன்னா, ஆட்டோவக் கூப்புடு. நேரா கோயிலுக்குப் போவலாம். இந்தப் பக்கத்துல எத்தினி வேதக்காரங்க இருக்காங்களோ அத்தினி பேருக்கும் சொல்லிட்டுப் போவலாம். நட்சத்திரம் இல்லாத ஆள் தேடுறாருன்னு."

யாதகிரி அவளையே பார்த்தார். நாற்காலியில் இருப்பவள் இப்படிப் பேசுவாள் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. கடைசியில் இரண்டு வருஷம் என்று முடிந்தது. மகனுக்கு வேறு வீடு பார்ப்பதாக அவரே முனகிக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்குது," என்றாள் ஸ்டெல்லா. "அந்தக் கட்டைய எடுத்துடணும்."

"ஏ கட்ட?"

"வாசல்ல குறுக்க கெடக்குதே, அது. அது இருந்தா என்னால தனியா வெளிய போவ முடியாது. அப்புறம் இதுவும் முதல் மாடிதான்."

யாதகிரி ஒரு அடி பின்னால் போனார். "அதி லட்சுமிம்மா. யாரன்னா எடுப்பாரா? பலகை வெச்சு சரிவு போட்டுக்கோ."

"எந்தப் பக்கம் இறங்கும்? உள்ள அவ்ளோ எடம் ஏது? சறுக்கிக் குப்புற வுழுவேன்."

"நக்கோ நக்கோ. வேற ஏது கேளு."

"லட்சுமி இருக்கிற வூட்டயா எங்களுக்குக் குடுக்குறீங்க?"

யாதகிரி துண்டைத் தோள் மாற்றிப் போட்டார்.

"வெளக்கேத்தல, மஞ்சள் பூசல. ரெண்டு மாசமா அந்த அம்மா தனியாத்தான் கெடக்குறாங்க. நீங்களே உட்டுட்டுப் போயிட்டீங்க. நான் எடுத்தா மட்டும் கோவம் வருமா? எடுத்துக்கினு போயி உங்க வூட்டுல பத்திரமா வெச்சுக்கங்க. நான் போற அன்னிக்கு மறுபடி பதிச்சுக்கங்க."

யாதகிரி முற்றத்தில் இறங்கி மனைவிக்குப் போன் பண்ணினார். நெடுநேரம் பேச்சு போனது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "நேனு பெயர்க்கமாட்டேன். தெலுங்கு மேஸ்திரி எவனும் வரமாட்டான். மீரே எடுத்துக்கோங்க."

பத்திரம் எழுதியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசன்னா பட்டறையிலிருந்து உளியும் சுத்தியலும் கொண்டுவந்தான். வாசலில் உட்கார்ந்தான், சிலுவை போட்டுக்கொண்டான், எழுந்துவிட்டான்.

"வயித்த இழுக்குது."

"வயிறா, பயமா?"

"ரெண்டுந்தான்."

"கொண்டா இப்டி."

நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி, உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஸ்டெல்லாவே கொத்தினாள். கை இன்னும் ப்ரெஸ் ஓட்டியவள் கைதான். யாதகிரி தெருவில் முதுகைக் காட்டி நின்றார். சுவரோரம் கல்பகத்தின் தலை ஒரு தடவை தெரிந்து மறைந்தது. சிமெண்ட் உதிர்ந்து மரம் ஆட்டம் கண்டது, ஒரு முனை கிளம்பியது. அடியில், வீடு கட்டும்போது பூஜை பண்ணி வைத்த ஒரு செப்புத் தகடும், துணியில் பொன்னோ மணியோ முடிந்த பொட்டலமும் இருந்தன.

சத்தம் நின்றதும் யாதகிரி திரும்பிவிட்டார். அவர் கண் அவள் கையில் இருந்தது. அவள் இரண்டையும் எடுத்து நீட்டினாள். அவர் அவளுக்கு எதிரிலேயே முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தார்.

"எல்லாம் இருக்குதா?"

"உந்தி, இருக்கு."

அவளுக்கு வருத்தமாக இல்லை. அவர் இடத்தில் அவள் இருந்திருந்தால் அவளும் அவிழ்த்துத்தான் பார்த்திருப்பாள்.

யாதகிரி கடப்பயைப் புதுத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். பிரசன்னா பள்ளத்தில் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, ஒரு இரும்புத் தகட்டை மேலே வைத்தான். ஸ்டெல்லா நாற்காலியில் ஏறி, சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு சின்னக் குலுக்கல். முற்றம். அப்புறம் தெரு. யாரும் பின்னால் பிடிக்கவில்லை. மூலையில் இருந்த இஸ்திரி வண்டிவரை போனாள், அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. திரும்பி வந்தாள்.

யாதகிரி மரத்தைச் சுமந்தபடி இன்னும் போகாமல் நின்றிருந்தார். மனைவி கேட்கச் சொல்லியிருப்பாள் போல, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, நீவு பிறந்த நாள் எப்போ? நேரம் தெலுசா?"

"எதுக்குங்க?"

"ஊரிகே, சும்மா. நட்சத்திரம் பார்க்கிறதுக்கு."

"எங்களுக்குத்தான் கெடையாதே," என்றாள் ஸ்டெல்லா.

அவர் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

"கடை மூடுறதுக்குள்ள போயி ஒரு புது பூட்டு வாங்கியா. இதுக்கு அவுருகிட்ட இன்னொரு சாவி இருக்கும்."