பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டுக்கு எத்தனை புள்ளி

பஸ்ரியாம்பிள்ளைக்கு நான் போட்ட புள்ளி ஆறு. வகுப்பிலிருந்த பன்னிரண்டு உத்தியோகத்தரில் இவ்வளவு குறைந்த புள்ளியோடு ஒரு கைதியைக் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான். குறையக் குறையத்தான் நல்லது என்பது புள்ளி போடும் படிவத்தின் ஏற்பாடு.

1974ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். எங்கள் மறியற்சாலை உத்தியோகத்தர்களைப் பழக்குவதற்கென்று கொழும்பிலிருந்து எமிலியானுஸ் என்ற அதிகாரி வந்திருந்தார். வெளிநாட்டில் ஆறு மாதம் படித்தவர். ஆளின் முகத்தைப் பார்த்து நல்லவன், கெட்டவன் என்று முடிவு கட்டும் பழக்கத்தை விடுங்கள், கேள்வி கேளுங்கள், புள்ளி போடுங்கள் என்பது அவருடைய பாடம். படிவத்தில் மொத்தம் இருபது கேள்வி. இந்த ஆள் வெளியே போனால் திரும்பவும் குற்றம் செய்வானா என்று பார்ப்பது முதற் பாதி. செய்யாமல் இருக்க அவனுக்கு என்ன தேவை என்று பார்ப்பது மறு பாதி. கூட்டுத்தொகை பத்துக்குக் கீழே வந்தால் மிச்சத் தண்டனையை வீட்டிலிருந்து கழிக்கச் சிபாரிசு செய்யலாம். பதினேழு வருஷம் கைதிகளோடு மாரடித்த எனக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது.

பஸ்ரியாம்பிள்ளை எங்கள் பக்கத்துத் தீவுப்பகுதி, நாரந்தனைக் கடற்கரை ஆள். திருகோணமலைப் பக்கம் தனியாகத் தொழிலுக்குப் போன இடத்தில் வலைத் தகராறு ஒன்று முற்றி, இவர் துடுப்பால் அடித்ததில் ஒருவன் செத்துப்போனான். பத்து வருஷத் தீர்ப்பு. எட்டு வருஷத்தைத் தெற்கில் கழித்துவிட்டு அப்போதுதான் எங்களிடம் மாற்றப்பட்டிருந்தார். வம்பு தும்புக்குப் போகாத மனிதர். ஓயாத இருமல் ஒன்றைத் தவிர அவரிடமிருந்து சத்தமே வராது.

"போறதுக்கு வீடு இருக்கோ?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஓம் ஐயா. மனிசியின்ரை சீதன வீடு. அவள் செபஸ்தியம்மா, மகள் மார்கிரட், பக்கத்துவளவிலை தம்பி அம்புறோஸ்."

"மனிசி ஒருக்காலும் வந்து பாக்கேல்லையே?"

"கொழும்புக்கெல்லாம் வர அவளாலை ஏலுமோ ஐயா? தம்பி வருசா வருசம் நத்தாருக்குக் கடிதம் போடுறவன்."

அந்தக் கிறிஸ்மஸ் கடிதங்களைக் காட்டினார். எட்டிலும் ஒரே வரிதான். எல்லாரும் சுகம். வீடு என்ற கேள்விக்கு எதிரே சைபர் போட்டேன்.

எமிலியானுஸ் படிவத்தைப் புரட்டினார். "வீட்டைப் போய்ப் பாத்தனீரோ, இராசநாயகம்?"

"தேவையில்லை ஐயா. நான் இந்தப் பக்கத்து ஆள். தீவுப்பகுதிச் சனம் கட்டின மனிசனைக் கைவிடாது."

"அப்ப அதைப் போய்ப் பாத்துக்கொண்டு வாரும்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

நாரந்தனையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் வீட்டை விசாரித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர், கடலோடை போன பஸ்ரியாம்பிள்ளையோ? அவர் செத்து எட்டு வருசமெல்லோ."

நான் சிரித்துவிட்டேன். வேறு ஆளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "செபஸ்தியம்மாவின்ரை மனிசனைக் கேக்கிறன்," என்றேன்.

"நானும் அவரைத்தான் சொல்லுறன். சேமக்காலையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேணும். குருசிலை பேர் கிடக்கு, பாரும்."

பார்த்தேன். கல்லறைகளுக்கு நடுவில் வெள்ளையடித்த சீமெந்துக் குருசு. பஸ்ரியாம்பிள்ளை, 1966. அடியில் யாரோ அன்று காலைதான் வைத்த செவ்வரத்தம்பூ. முந்தநாள் என்னிடம் பீடி கேட்டு வாங்கிய மனிதர்! வெயிலில் நின்றபடி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் மா வறுத்துக்கொண்டிருந்தாள். மறியலிலிருந்து வருகிறேன் என்றேன். அகப்பை கையிலிருந்து விழுந்தது. உள்ளே பார்த்து, "மார்கிரட், சித்தப்பா வீட்டை போய் மா அரிக்க அரிதட்டு வாங்கியா பிள்ளை," என்றாள். மகள் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெல்லமாய்க் கதையுங்கோ ஐயா."

வழக்குக்குப் போய்வந்த அம்புறோஸ், அண்ணன் கடலில் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறான். கடல் திருப்பித் தராத ஆளுக்கு அவருடைய உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அங்கே வழக்கம். அப்படியே செய்திருக்கிறார்கள். கோயில் மணி அடித்து, பூசை வைத்து, ஊரே திரண்டு அழுதிருக்கிறது.

"உயிரோடை இருக்கிற மனிசனை என்னெண்டு புதைச்சனீங்கள்?" எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கொலைகாரன்ரை பெட்டையை ஆர் ஐயா எடுப்பினம்? வாற புதன் அவளுக்குக் கலியாணம். கோயில்லை ரண்டு ஞாயிறு அறிவித்தல் வாசிச்சாச்சு. காலஞ்சென்ற பஸ்ரியாம்பிள்ளையின் மகள் எண்டு சுவாமியார் வாசிச்சவர். நாளைக்கு மூண்டாந்தரம்."

அவள் குனிந்து அகப்பையை எடுத்தாள்.

"அவரை வரவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது ஐயா. வரச் சொல்லவும் ஏலாது." மாவைக் கிளறிக்கொண்டே, "அவரின்ரை இருமல் நிண்டிட்டுதோ?" என்று கேட்டாள்.

நின்றுவிட்டது என்றேன்.

திங்கட்கிழமை பஸ்ரியாம்பிள்ளை தாடியை மழித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் இமைக்கவில்லை. எழுந்து கத்துவார், சுவரில் முட்டுவார் என்று பயந்து கதவடியில் நின்ற காவலாளியைப் பார்த்தேன்.

"பெட்டிக்குள்ளை என்ன வைச்சவை?"

"உம்முடைய வேட்டி, சால்வை."

"கலியாண வேட்டியோ?"

அதை நான் கேட்கவில்லை. கேட்காமல் வந்ததற்கு இன்றைக்கும் மனம் குறுகுறுக்கிறது.

"மாப்பிளை எவடம்?"

"கரம்பொன்."

"நல்ல இடம்," என்றார். பிறகு படிவத்தைக் காட்டி, "வீட்டுக்கு எத்தினை போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"சைபர்."

"ஆகக் கூட எத்தினை போடலாம்?"

"பத்து. ஆனால் அவசரப்படாதையும். வேறை ஊரிலை ஒரு முகவரி எடுத்துத் தரலாம்."

"வேண்டாம் ஐயா. எந்த ஊரிலை விட்டாலும் என்ரை கால் நாரந்தனைக்குத்தான் போகும். பிள்ளையைப் பாக்காமல் இருக்க என்னாலை ஏலாது. என்னை நம்பாதையுங்கோ. பத்தைப் போடுங்கோ."

"ரண்டு வருசத்துக்குப் பிறகு விடத்தானே போகினம்?"

"அதுக்குள்ளை அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்திடும். பிறகு திருப்பி அனுப்பமாட்டினம்."

பதினேழு வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சரியாக எந்த அதிகாரியும் ஒரு கைதியை எடைபோட்டு நான் கண்டதில்லை. சைபரை வெட்டிப் பத்து எழுதி, பக்கத்தில் ஏற்க ஆளில்லை என்று மட்டும் குறித்தேன். ஆறு பதினாறாயிற்று.

எமிலியானுஸ் அந்தப் படிவத்தை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "வீட்டைப் போய்ப் பாத்தபடியால்தான் ஏற்க ஆளில்லை எண்டது தெரிஞ்சுது. இதுதான் சரியான மதிப்பீடு!" எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அதைப் பிடுங்கிக் கிழிக்கவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் போய்விடும்.

நவம்பர் இரண்டாம் திகதி, கத்தோலிக்கருக்கு மரித்தோர் நாள். மறியற்சாலைக்குள் சுவாமியார் வந்து பூசை வைத்தார். கைதிகள் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை முதல்நாளே துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் வாசலில் காவலுக்கு நின்றேன்.

ஏழாவதோ எட்டாவதோ துண்டு. "நாரந்தனை பஸ்ரியாம்பிள்ளை," என்று வாசித்தார் சுவாமியார்.

அவருக்கு ஆளைத் தெரியாது. மூன்றாவது வரிசையில் முழந்தாளில் நின்ற பஸ்ரியாம்பிள்ளை, அந்த ஆத்துமா இளைப்பாற வேண்டுமென்று மற்றவர்களோடு சேர்ந்து உரத்துப் பதில் சொன்னார். சொல்லி முடியுமுன் இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த பெயர் வாசிக்கும் வரைக்கும் இருமிக்கொண்டேயிருந்தார்.