அம்போஃபோவின் பீச்சாங்கை

டுரோட்ரோ என்ற கானா நாட்டுச் சிற்றுந்தின் கூரையிலிருந்து வறுக்கும் இயந்திரத்தை இறக்கி, சங்கத்து முற்றத்தில் வைப்பதற்குள் அம்போஃபோவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. குமாசியில் பட்டறை போட்டு எட்டு வருஷம். இது மூன்றாவது இயந்திரம். மூன்றுக்கும் குளிரூட்டிய அரங்குகளில் நடுவர்கள் கை தட்டினார்கள், சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். ‘ஆப்பிரிக்காவின் நாளைய தொழில்முனைவோர்’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. அந்த நாளைதான் வந்து தொலைய மாட்டேன் என்கிறது. இன்று சேர்வா அம்மாவின் சங்கம் பன்னிரண்டு இயந்திரம் கேட்டால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் தேமா துறைமுகத்தில், மச்சான் பார்த்து வைத்திருக்கும் காவலாளி வேலை.

சங்கத்துப் பெண்கள் மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, காரி என்ற குருணையாக வறுத்து, சாலையோரத்திலேயே விற்பவர்கள். புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். இவனுடைய இயந்திரத்தில் புகை, குழாய் வழியே பின்பக்கம் போய்விடும். ஒரு கையால் பிடியைச் சுற்றினால் உள்ளே துடுப்பு கிளறும். மறு கையால் மாவைத் தூவிக்கொண்டே இருக்கலாம். அவனே உட்கார்ந்து வறுத்துக் காட்டினான். பொன்னிறமாக வந்தது. அஃப்ரகோமா என்ற ஒருத்தி வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள்.

“நல்லாத்தான் இருக்கு. எந்தக் கையால மாவு போட்ட தம்பி?” என்றாள் சேர்வா அம்மா.

அம்போஃபோ குனிந்து பார்த்தான். இடது கை முழுக்க மாவு.

“பீச்சாங்கையால திங்கிற பண்டத்தத் தொடணுமா? ரோட்டுல போறவன் பாத்தா ஒரு பிடி வாங்குவானா?”

“அந்தப் பக்கமா உக்காந்துக்கலாம்மா...”

“அந்தப் பக்கம் பொகைக் கொழா இருக்கே. மடியில வெச்சுக்கவா?”

முற்றமே சிரித்தது.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன்தான். ஒன்றாம் வகுப்பில் இடது கையால் எழுதியதற்கு டீச்சர் அந்தக் கையின் முட்டியிலேயே அடித்தாள். அன்றிலிருந்து சாப்பிட, கை குலுக்க, எதையும் நீட்ட, வலது கைதான். பட்டறைக்குள் மட்டும், யாரும் பார்க்காதபோது, இடது கைக்கு விடுதலை. வரைந்ததும் வெட்டியதும் பற்றவைத்ததும் அதுதான். தன் கைக்கு வாகாக வந்ததை ஊருக்கே வாகு என்று நினைத்துவிட்டான். கை தட்டிய நடுவர்களில் ஒருவர்கூடக் காரி வறுத்தவர் இல்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

“பக்கத்தத் திருப்பிச் செஞ்சு கொண்டா. பன்னெண்டும் எடுத்துக்கறோம்,” என்றாள் சேர்வா அம்மா.

திருப்புவதென்றால் அச்சு, குழாய், பிடி எல்லாம் முதலிலிருந்து. இன்னும் நாலு மாசம்.

“முடியாதும்மா. எனக்குக் கை ஓஞ்சு போச்சு.”

“எந்தக் கை?” என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு.

பெண்கள் கென்கே சாப்பிட உள்ளே போனார்கள். அவன் தனியாக உட்கார்ந்து மரைகளைக் கழற்ற ஆரம்பித்தான். அஃப்ரகோமா மட்டும் திரும்பி வந்தாள். அவள் ஒரு தடவைகூடச் சிரித்திருக்கவில்லை.

“கழட்டாத, இரு.”

வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டி இன்னும் சூடாக இருந்தது. வலது கை பிடியைச் சுற்ற, இடது கை மாவை அள்ளித் தூவியது. நின்று யோசிக்கவே இல்லை அந்தக் கை. அவனைவிட இரண்டு மடங்கு வேகம்.

“அக்கா, நீங்களும்...”

“சத்தம் போடாத. வீட்டுல கதவச் சாத்திட்டு இப்படித்தான் வறுப்பேன். முப்பது வருஷமா. எம் மாமியாருக்கே தெரியாது. இங்க வந்தா வலது கையால தடவிக்கிட்டு இருப்பேன். சோம்பேறின்னு பேரு.”

“நான் திங்கட்கிழமை தேமாவுக்குப் போறேங்க்கா. இதோட முடிஞ்சுது.”

அவள் கடைசிப் பிடி மாவையும் தூவி, வறுபடும் வரை சுற்றிவிட்டு, இடது கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“பதினொண்ணத் திருப்பு தம்பி,” என்றாள் மெல்ல. “ஒண்ண மட்டும் இப்படியே விட்டுடு. துணி போட்டு மூடிக் கொண்டா.”

நாலு மாசம் என்று நினைத்தாலே அம்போஃபோவுக்கு உடம்பு வலித்தது. கழற்றிய மரைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப முடுக்கினான், அவள் பார்த்துக்கொண்டிருக்க, இடது கையால். மச்சானுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.