பட்டறை ஃபேன்

தம்பி அண்ணனின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டார்.

"இந்த ஹால்ல மூச்சு முட்டுதே. ஸ்டாண்டு ஃபேன் ஒண்ணு கிடைக்காதா?"

சீப்பு நின்றது. சீலிங் ஃபேன் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு!

"எங்க வீட்ல இருக்கு. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்," என்று தம்பியின் மனைவி எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று அவன் கண்ணைக் காட்டினான். அவள் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அந்த ஃபேன் பட்டறையுடையது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய வெல்டிங் பட்டறை. அண்ணன் கையில் தொழில், தம்பி வாயில் வியாபாரம். ஆர்டர் பிடிப்பதும் விலை பேசுவதும் தம்பி என்பதால் அண்ணன் அவனை "முதலாளி" என்றே கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனால் தம்பி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசமாட்டார்.

மழைக்காலத்தில், ஷட்டரைப் பாதி இறக்கி வேலை செய்துகொண்டிருந்தபோது, செய்து அனுப்பிய பெரிய கேட் ஒன்று திரும்பி வந்தது. பற்றவைத்த இடமெல்லாம் ஊசி ஊசியாகத் துளை. புது மெஷின், பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி வாயு பாய்ச்சும். காற்றடித்தால் வாயு கலைந்து துளை விழும். தம்பி நேரே போய் ஃபேனின் ஒயரைப் பிடுங்கினான்.

"அதை அப்படியே திருப்பி வச்சுக்கறேன்டா. வேலை மேல படாது, புகையை மட்டும் வெளிய தள்ளும்," என்றார் அண்ணன். "இல்லாட்டி நெஞ்சுல அப்பிக்குது."

"சின்ன வயசுலேர்ந்து சிகரெட் ஊதற நெஞ்சு. இந்தப் புகையா உன்னைச் சாய்ச்சுடப் போவுது?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "சரி முதலாளி."

அன்றே ஃபேனை வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். பட்டறையிலேயே ஒரு மூலையில் வைத்திருக்கலாம். படுக்கையறைக்கு ஒன்று வேண்டும் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். இது சும்மா கிடக்கும்போது புதிதாக வாங்குவானேன் என்று தோன்றியது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இப்போது அவனைக் கூசவைத்தது.

பிறகு அண்ணனுக்கு இருமல், காய்ச்சல், நிமோனியா. நேற்று ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு, "வெல்டிங் வேலையா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"நுரையீரல் பூரா இரும்புத் தூள் படிஞ்சிருக்கு. கிருமி பெருகறதுக்கு இரும்பு வேணும். நம்ம உடம்பு அதை லேசுல விடாது, கட்டி வச்சுப் பூட்டிடும். கிருமியும் சும்மா இருக்காது. கொக்கி மாதிரி ஒரு பொருளை வெளிய விட்டு, இரும்பைக் கவ்விக்கிட்டு உள்ள இழுத்துக்கும். சிலது ரத்த அணுவையே உடைச்சு எடுக்கும். இந்தப் பூட்டுக்கும் கொக்கிக்கும்தான் சண்டையே. உங்க அண்ணன் விஷயத்துல... அதுங்க அவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருந்திருக்காது."

"அந்தப் புகையாலதான் வந்துச்சுங்களா?"

"அதால மட்டும்னு சொல்ல முடியாது. ஆனா வெல்டிங் பண்றவங்களுக்கு இது சீக்கிரம் முத்திப் போவுது. காத்தோட்டம் இருந்துச்சா அங்க?"

"இருந்துச்சு சார்," என்றான் தம்பி.

கொஞ்சமும் யோசிக்காமல் வந்த பொய். அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களோடு கிடந்தார். டாக்டர் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. பொய்யைவிட அந்த அப்பாடாதான் அவனைப் பிடுங்கித் தின்றது. டாக்டர் சொன்ன எதையும் அண்ணியிடம் அவன் சொல்லவில்லை. இன்று காலை எல்லாம் முடிந்துவிட்டது.

மனைவி ஃபேனை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். ஒருமுறை அதன் கால் உடைந்தபோது, கனத்த இரும்புத் தகடு வைத்து அண்ணன் பற்றவைத்திருந்தார். அதைப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். சுவரோரம் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி அந்தக் காலையே பார்த்தாள்.

அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அவன் துடித்தான்.

"அண்ணி, இது வந்து..."

"பட்டறை ஃபேன்தானே. தெரியும் தம்பி," என்றாள். "அவரே சொன்னாரு. தம்பி வீட்ல ஒரே புழுக்கம், நான்தான் எடுத்துட்டுப் போடான்னு குடுத்து அனுப்பினேன்னாரு. நான்கூட சத்தம் போட்டேன், உங்களுக்கு வேண்டாமான்னு."

தம்பி வாயைத் திறந்தான். சுற்றிலும் உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தினர், பட்டறைக்கு வந்துபோகும் ஆட்கள். வாயை மூடிக்கொண்டான்.

"அவரு பக்கமாத் திருப்பி வைங்க தம்பி."

திருப்பி வைத்து சுவிட்சைப் போட்டான். முன்பக்கத்தை மட்டும்தான் அவன் வீட்டில் துடைத்திருந்தான். ஆட்டோ குலுக்கலில் இளகியிருந்த பின்பக்கத்துப் பட்டறை அழுக்கு, ஃபேன் வேகமெடுத்ததும் பொடியாகப் பறந்து வந்து, அண்ணனின் நெஞ்சுவரை போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் படிந்தது. யாரோ இருமினார்கள்.

அவன் குனிந்து கையால் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்பு இழுத்துக்கொண்டே போனது.

"விடுங்க தம்பி. அவருக்கு அது பழக்கம்தான்," என்றாள் அண்ணி.

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.